பதினொரு படிவம்

ரயில் பாதைக்கு அடியில் குனிந்து போகும் சுரங்கவழி.
மூத்திர நெடி, கிழிந்த தேர்தல் சுவரொட்டி.
தாண்டினால்
சட்டென்று அயோனியக் கடல்.
இத்தனை நீலத்துக்கு யாரும்
என்னைத் தயார்ப்படுத்தியிருக்கவில்லை.

முதல் வரிசைக் குடைக்கு இருபது யூரோ,
மூன்றாம் வரிசைக்குப் பன்னிரண்டு.
சவெரினா தன் நோட்டில்
என் பெயரை மூன்று விதமாக எழுதிப் பார்த்து
மூன்றையும் அடித்துவிட்டு
"தொப்பி, கடைசிக் குடை" என்று குறித்துக்கொண்டாள்.

குடைகள் முடியும் இடத்தில் ஒரு கம்பிவேலி.
வேலிக்குள் கோயில்.
கோபுரத்தைத் தேடாதீர்கள்.
முழங்கால் உயரத்தில் ஒரு மேடை,
கவிழ்த்துப்போட்ட ஆட்டுரல்கள்போல் நாலைந்து தூண்துண்டுகள்,
ஒன்றின்மேல் உலரும்
காவலர் இலாரியோவின் துவாலை.

எந்தத் தெய்வம் என்று கேட்டேன்.
"ஜீயஸ் என்று பலகையில் போட்டிருந்தது.
மார்ச் மாதப் புயலில்
பலகையைக் கடல் கொண்டுபோய்விட்டது.
இப்போது யாராகவும் இருக்கலாம்."

நண்பகலில் ஊர் கதவடைத்துக்கொள்கிறது.
வறண்ட ஆற்றுப்படுகையில்
வெள்ளைக் கற்களும் சிவப்பு அரளியும் மட்டும்
விழித்திருக்கின்றன.
குடைகளைச் சாய்த்துச் சாய்த்து
நிழலை நகர்த்திக்கொண்டிருந்த நீலோ,
மலைமேல் ஊரிலிருந்து வருகிறவன்,
நெற்றியை வழித்துவிட்டுத் தனக்குத்தானே சொன்னான்:
"நெரோ."
எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.
என்னிடம் இருந்த நீரை நீட்டினேன்.
வாங்கிக் குடித்தான்.
அது அங்கே மிச்சமிருக்கும் கிரேக்கமாம்,
தாகத்துக்கும் வசவுக்கும் மட்டும்
நாக்கில் வருமாம்.
தற்செயல்தான். தெரியும்.
அகராதிக்காரர்களோடு எனக்குச் சண்டை வேண்டாம்.
ஆனாலும் பாட்டில் காலியாகும்வரை
அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் நீந்தும்போது
காலில் இடறியது ஒன்று.
கூழாங்கல் என்று எடுத்துப் பையில் போட்டேன்.
விடுதிக் குழாயடியில் கழுவினால்
ஓட்டுச்சில்லு.
ஒரு பக்கம் மண் சிவப்பு,
மறுபக்கம் கறுப்பு மெருகு,
அதில் பாதியில் நின்றுபோன ஓர் அலைக்கோடு.
இரவெல்லாம் தூக்கமில்லை.
விமான நிலையம், கைவிலங்கு,
எங்கள் அலுவலகத்தில் என்ன சொல்வார்கள்.

விடிந்ததும் போய்
இலாரியோவின் உள்ளங்கையில் வைத்தேன்.
சூரியன் அப்போதுதான் கடலிலிருந்து ஏறி
அவர் காப்பிக் கோப்பையில் இறங்கியிருந்தது.
புரட்டிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.
"இதை நான் வாங்கினால் பதினொரு படிவம்.
எங்கே, எத்தனை மணிக்கு, எந்தக் காலால் இடறினாய்,
எல்லாம் எழுத வேண்டும்."
மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார்.
உள்ளே சில்லுகள், சில்லுகள்,
அவற்றின்மேல் காகிதத்தில் சுற்றிய
அவருடைய மதியச் சாப்பாடு.
"ஒருவர் தபாலில் அனுப்பினார்,
மன்னிப்புக் கடிதத்தோடு.
அந்தக் கோப்பு இன்னும் ரோமில் இருக்கிறது.
குளிக்கும்போதுதானே எடுத்தாய்?
குளிக்கும்போதே வைத்துவிடு.
கடல் கையெழுத்துக் கேட்காது."

கழுத்தளவு நீருக்குப் போனேன்.
எறிய மனம் வரவில்லை.
விரலைத் தளர்த்தினேன்.
இலை விழுவதுபோல் ஆடி ஆடி
இறங்கிப் போனது.
கரையேறி மூன்றாம் வரிசையில்
குழந்தைபோல் தூங்கினேன்.

எழுந்தபோது பக்கத்தில் ஜெம்மா
மணல்வீடு கட்டிக்கொண்டிருந்தாள்.
டூரினில் ஆலைவேலை பார்க்கும் அப்பா அம்மா
ஆகஸ்டில் மட்டும் இவளை வெயிலில் விடுகிறார்கள்.
முதுகெல்லாம் திட்டுத்திட்டாக வெண்களிம்பு.
வீட்டுக்கு நாலு சுவர், ஒரு பள்ளம்,
ஒரு கதவு.
கறுப்புப் பக்கம் வெளியே தெரிய நட்டிருந்தாள்.
அந்த அலைக்கோடு. அதே உடைந்த மூலை.

யார் வீடு என்று கையசைத்துக் கேட்டேன்.
"நண்டுக்கு" என்று விரலை நெளித்துக் காட்டினாள்.
"இன்னும் வரவில்லை."

தலையைத் திருப்பினால்
வேலிக்கு அந்தப் பக்கம் இலாரியோ.
கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
தண்டவாளத்தை நோக்கித் திரும்பி நின்றார்,
ரயில் வருவதைப் பார்ப்பவர்போல.

ஐந்து மணிவரை
அந்தப் பாதையில் ரயில் கிடையாது.